தோற்கப்போகிறவருக்குப் போடும் ஓட்டு

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் தேர்தல் பேச்சு எழுந்தால், எப்படிச் சுற்றினாலும் ஓர் இடத்தில் வந்து நிற்கும்: “நல்ல மனுசன்தான் மாப்ளே, ஆனா ஜெயிக்கமாட்டாரே. ஓட்ட ஏன் வீணாக்குற?” சொல்கிறவர் கெட்டவர் இல்லை. கையில் இருக்கும் காசு எங்கே போட்டால் திரும்பி வரும் என்பது ஏலத்தில் நிற்பவருக்குப் பழகிப்போன கணக்கு. ஓட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்பதை எதிர்க்கரையான இலங்கையில் நடந்ததை வைத்தே யோசித்துப் பார்க்கலாம்.

2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், வடக்கு கிழக்குத் தமிழர் முன் இந்தக் கேள்வி கூர்மையாக வந்து நின்றது. தமிழ்க் கட்சிகள் சிலவும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து பா. அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராக நிறுத்தின. சின்னம் சங்கு. அவர் ஜனாதிபதி ஆகப்போவதில்லை என்பது நிறுத்தியவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தமிழர் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை எண்ணிக்கையில் காட்டுவதே நோக்கம் என்றார்கள். அவருடைய தமிழரசுக் கட்சியோ சஜித் பிரேமதாசவை ஆதரிக்க முடிவெடுத்தது. கடைசியில் சங்குக்கு விழுந்தவை 2,26,343 ஓட்டுகள். நாடு முழுதும் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடவில்லை.

வீணா? அங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை விருப்பம் எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை விலக்கிவிட்டு, விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பம் அந்த இருவரில் யாருக்கு என்று பார்த்துக் கூட்டுவார்கள். 2024இல்தான் முதன்முறையாக அப்படி எண்ண வேண்டி வந்தது. சங்குக்கு 1 எழுதி, முதல் இரு இடங்களில் வந்த அநுரவுக்கோ சஜித்துக்கோ 2 எழுதியவர் தன் மனதில் இருப்பதையும் சொன்னார், நாடு யார் கைக்குப் போகவேண்டும் என்பதையும் சொன்னார். இத்தனை வசதி இருந்தும் நடந்தது என்ன? முதல் இருவருக்கும் போகாத செல்லுபடியான ஓட்டுகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இரண்டாம் எண்ணிக்கையில் இருவருக்குமாக வந்து சேர்ந்தவை சுமார் 2.73 லட்சம். மற்ற 30 லட்சம் பேர் கடைசித் தீர்ப்பில் வாய் திறக்கவில்லை. இருவரும் ஒன்றுதான் என்று தெளிந்து விட்டவர்கள் இருப்பார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. மற்றவர்கள் விஷயத்தில், என்னைக் கேட்டால், வீணானது எழுதாமல் விட்ட அந்த 2.

வென்ற அநுர குமார திசாநாயக்க 2019இல் வாங்கியது 3.16 சதவீதம். அன்று அவருக்குப் போட்டவர்களும் இதே ஏச்சைக் கேட்டிருப்பார்கள். அதற்காக, இன்றைய சிறியவர் நாளைய பெரியவர் என்று துள்ளிவிடக் கூடாது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் 1,73,934 ஓட்டு வாங்கினார். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்மேல் நடந்த வன்முறையை அந்த எண்ணிக்கை தடுக்கவில்லை. எண்ணிக்கை தானாக எதையும் செய்யாது.

இக்கரையில் நமக்கு அந்த 2 கிடையாது. ஒரு பொத்தான், ஓர் அழுத்தல். 2008 மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி ஒழிந்தபின், கட்டுமாவடியின் ஓட்டு ராமநாதபுரத்தோடு சேர்ந்து திருச்சுழி, முதுகுளத்தூர் ஓட்டுகளோடு எண்ணப்படுகிறது. இவ்வளவு பெரிய பரப்பில், பதிவானதில் ஆறில் ஒரு பங்குகூட வாங்காமல் டெபாசிட் இழக்கப்போகிறவருக்குப் போடுகிறவரின் பாரம் கனமானது. தான் அஞ்சுகிற ஆள் சொற்ப ஓட்டில் ஜெயித்துவிட்டால், அதனால் அடிபடும் பக்கத்து வீட்டாரின் முகத்தைப் பார்த்து “தெரிஞ்சுதான் போட்டேன்” என்று சொல்ல முடியவேண்டும். அடி தன்மேல் விழாது என்ற தைரியத்தில் கொள்கை பேசுவது சுலபம்.

சிறிய வேட்பாளர் என்பதாலேயே நல்லவர் என்றும் ஆகிவிடாது. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் சிலர் வேட்பாளர் பட்டியலில் இருந்தார்கள். வாக்காளர் குழம்புவதைத் தவிர அதில் வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ஆளை எப்படி அறிவது? அந்தத் தேர்தலில் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 19. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் நான்கு நாள் முன்னதாக, 15ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் படகு கரையில், ஆள் வீட்டில். ஓட்டுக் கேட்க வருகிறவருக்குக் கூட்டம் தானாகக் கிடைக்கும் வாரம் அது. அப்போது வந்தவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தடை முடிந்து கடலுக்குப் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்து, ஆட்கள் யாழ்ப்பாணச் சிறையில் கிடக்கும்போது, தேர்தல் வாடையே இல்லாத அந்த மாதங்களில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்களோடு மனுவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார்? தோற்றவர் நின்றிருந்தால், அடுத்த முறையும் தோற்பார் என்று தெரிந்தே அவருக்குப் போடுவேன். எண்ணி முடிந்த அன்றே ஊரை விட்டுப் போனவருக்கு, அவர் கொள்கை எத்தனை சுத்தமாக இருந்தாலும், இரண்டாம் தடவை போடமாட்டேன்.

இதில் அவரை மட்டும் கேட்பதும் நியாயமாகாது. அவருக்குப் போட்ட சில நூறு பேரும் அந்த வாசலுக்கு வந்தாகவேண்டும். பதவி இல்லாத ஒருவர் தனியாக நீட்டும் மனுவை எந்த ஆபீஸில் பிரித்துப் படிக்கிறார்கள்?