கைம்மாறும் இருவினையும்

பிறர் செய்த உதவியால் உயிர் பிழைத்தான் ஒருவன் அவ்வுதவிக்குக் கைம்மாறு செய்யக் கடமைப்பட்டவன் என்பது யாவர்க்கும் உடன்பாடு. அங்ஙனம் செய்த கைம்மாறு நல்வினையாம் என்பதிலும் ஐயம் இல்லை. ஆயின், அந்நல்வினை செய்தான் பிற்காலத்துத் தீநெறியிற் சென்றானாயின், முன் செய்த நன்மை என்னாம்? பின்னைத் தீமையால் அஃது அழிந்தொழியுமோ? அன்றி, அந்நன்மையே பின்னைத் தீமைக்குக் கழுவாயாகுமோ? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கனடா தேசத்தில் அண்மைக்காலத்து நிகழ்ந்ததொரு வரலாற்றால் எழுவது. சைவசித்தாந்தம் கூறும் வினையியல்பு கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

டெர்ரி பாக்ஸ் என்னும் கனடா நாட்டு இளைஞர்க்கு 1977-ஆம் ஆண்டில், அவருடைய பதினெட்டாம் வயதில், எலும்பிற் புற்றுநோய் தோன்ற, வலக்கால் முழங்காலுக்கு மேல் அறுத்து நீக்கப்பட்டது. மருத்துவமனையில் தம்மினும் இளைய சிறார் அந்நோயால் வருந்துதலைக் கண்டு உளம் உருகிய அவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுதல் வேண்டி, 1980 ஏப்ரல் 12-ஆம் நாள் அத்தேசத்தின் கீழ்க்கரையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரினின்றும் பொய்க்காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பின், நோய் நுரையீரலிற் பரவியமையால் செப்டம்பர் 1-ஆம் நாள் ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அவர் நிறுத்திய இடத்தோடு அப்பணி நின்றுவிடவில்லை. பன்னிரண்டாம் வயதிலேயே எலும்பிற் புற்றுநோய்க்கு இடக்காலை இழந்து உயிர் பிழைத்த ஸ்டீவ் போனியோ என்பார், 1984 மார்ச் 31-ஆம் நாள், தம் பதினெட்டாம் வயதில், அதே செயின்ட் ஜான்ஸ் நகரினின்றும் மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். பனிக்காலத்தும் ஓட்டத்தைக் கைவிடாது, 425 நாளில் 7,924 கிலோமீட்டர் கடந்து, 1985 மே 29-ஆம் நாள் மேல்கடற்கரையிலுள்ள விக்டோரியா நகரை அடைந்தார். புற்றுநோய் ஒழிப்புப் பணிக்கென அவர் திரட்டிய பொருள் ஒரு கோடி டாலரினும் மிக்கது. அரசு ‘ஆர்டர் ஆப் கனடா’ என்னும் உயர் விருதை அவ்வாண்டே அவர்க்கு அளித்தது. அவர் ஓட்டம் முடித்த கடற்கரை அவர் பெயரால் வழங்கலாயிற்று. அப்பொழுது அவர்க்கு வயது இருபதும் நிரம்பவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தன துயர் தருவன. அவர் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டார். குடித்து வண்டி ஓட்டியமை, மோசடி, பிறரைத் தாக்கியமை முதலிய குற்றங்கட்காக நீதிமன்றங்களிற் பன்முறை தண்டிக்கப்பட்டார். 2009-ஆம் ஆண்டு இறுதியில் அரசு தான் அளித்த விருதை மீட்டுக்கொண்டது. 2022 பிப்ரவரி 18-ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில், அவர் இறந்தார்.

இனி, அவர் ஓடியது யாருக்குச் செய்த கைம்மாறு என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். எலும்பிற் புற்றுநோய் முன்னாளிற் காலை அறுத்து நீக்கிய பின்னும் நுரையீரலிற் பரவிப் பெரும்பாலாரின் உயிரைக் கவர்ந்தது. 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் மருந்து முறை பயன்பட்ட பின்னரே பிழைப்பார் தொகை மிகுந்தது. அம்முறையை ஆராய்ந்தாரும், ஆராய்ச்சிக்குப் பொருள் உதவினாரும், புதிய மருந்தின் கொடுமையை முதலில் தம் உடம்பில் தாங்கினாரும் எத்துணையோ பேர். அவர் பெயரைப் பிழைத்த சிறுவன் அறியான். அவருட் பலர் இறந்தும் போயினர். ஆதலின் அக்கடனைத் தந்தார்க்கே திருப்பித் தருதல் இயலாது. இனி நோயுற்று வருவார்க்கே தருதல் கூடும். ஆசிரியர்பாற் பெற்ற கல்விக்கடன் மாணாக்கர்க்குக் கற்பித்தலாற் கழிவது போல்வது இது.

இனி வினாவிற் புகுவாம். “பல உயிர் பிழைக்கப் பொருள் திரட்டினான் ஒருவன் சில குற்றம் செய்யின் அவற்றைப் பாராட்டலாகாது, நன்மை மிகுதியால் தீமை கழிந்தது” என்பர் ஒரு சாரார். “பின்னர் இங்ஙனம் ஒழுகினான் முன்னர்ச் செய்ததும் புகழ் வேட்கையேயன்றி அறமன்று, தீமையால் நன்மை கெட்டது” என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்தா. என்னை? நல்வினையும் தீவினையும் வரவும் செலவும் போல ஒன்றிலொன்று கழிக்கப்படுவன அல்ல. இரண்டும் தனித்தனியே பயன் தந்து, தனித்தனியே நுகரப்பட்டுக் கழிவன என்பதே சித்தாந்தத் துணிபு. முன்னர்ச் செய்த அறத்தைக் காட்டித் தாக்குண்டார் நோவை மறைத்தல் நீதியன்று. பின்னர்ச் செய்த குற்றத்தைக் காட்டி அவ்வறத்தை இல்லையாக்குதலும் நீதியன்று. குருடன் ஏந்திச் சென்ற விளக்காயினும் அது பிறர்க்கு வழி காட்டியது உண்மையேயாம். அவன் பின்னர்க் குழியில் வீழ்ந்தமையால் அவ்வொளி பொய்யாகாது.

வினை சடமாதலின் தானே சென்று செய்தானைப் பொருந்த மாட்டாது. உயிர் சிற்றறிவுடைத்தாதலின் தன் வினைப்பயனைத் தானே அறிந்து எடுத்து நுகர மாட்டாது. இரண்டையும் கூட்டுவிப்பான் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. ஆதலின் அரசு மீட்டுக்கொண்டது தான் கொடுத்த விருதையேயன்றி அவர் செய்த நல்வினையை அன்று. விருது மனிதர் தருவது, மனிதரால் மீட்கப்படுவது. வினைக்கணக்கோ மனிதர் கைக்கு எட்டாதது.

அற்றேல், விருதை மீட்டமை தவறோ எனின், அஃது எளிதில் துணியத் தக்கதன்று. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலைப் பதினோராம் அதிகாரமாகவும் நடுவுநிலைமையைப் பன்னிரண்டாம் அதிகாரமாகவும் வைத்தனர். நன்றி செய்தாரிடத்து அந்நன்றியை நினைந்து நடுவுநிலைமை சிதைதல் கூடுமாதலின், அவ்விடத்தும் சிதையலாகாது என்றற்கு இது பின் வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் அவ்வைப்பு முறைக்குக் காரணம் கூறினர். நன்றி செய்தான் குற்றமும் குற்றமே என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் நடுவுநிலைமை பின் வந்தமையால் நன்றியறிதல் முன்னின்று நீங்கியதில்லை. இரண்டு அதிகாரமும் நூலில் உளவன்றோ? நீதிமன்றம் தண்டித்தது நடுவுநிலைமை. கடற்கரைக்கு அவர் பெயர் வழங்கியது நன்றியறிதல். ஒருவன்மாட்டு இரண்டும் ஒருங்கு நிற்றல் அமையும்.

இத்துணைப் பெரிய நல்வினை செய்தான் வீழ்ந்தது யாங்ஙனம் என்பது அடுத்த வினா. திருமறைக்காட்டுத் திருக்கோயிலில் எலியொன்று நெய் உண்ண வந்து தன்னையறியாது விளக்குத் திரியைத் தூண்ட, அதனையும் பணியாக ஏற்று இறைவன் அதனை மாவலி மன்னனாகப் பிறப்பித்தான் என்பது சைவர் நன்கறிந்த வரலாறு. அறியாது செய்த சிறு பணியும் இறைவன்முன் வீண்போகாது என்பது அதன் ஒரு பாதி. அம்மாவலியே பின்னர்த் தருக்குற்று வீழ்ந்தான் என்பது மற்றொரு பாதி. நல்வினை இன்பப் பயனைத் தரும். ஆணவமலத்தை அறுக்க அதனால் மட்டும் இயலாது. அப்பயன் புகழாகவும் செல்வமாகவும் வந்து கூடுங்கால், “யான் செய்தேன்” என்னும் முனைப்பு அதனையே உணவாகக் கொண்டு வளர்தலும் உண்டு. இருபது வயதும் நிரம்பாத ஓர் இளைஞன்மேல் ஒரு தேசம் முழுதும் புகழைச் சொரிந்தது. ஓட்டத்திற்கு அவனைப் பயிற்றினார் உளர். புகழைத் தாங்கப் பயிற்றினார் இலர். அவ்விளைஞன் உள்ளத்துள் நிகழ்ந்ததை இறைவன் ஒருவனே அறிவன். புறத்தார் அறுதியிடல் ஆகாது.

நோயினின்று உய்ந்து கைம்மாறு செய்தார்க்குச் சைவ உலகில் தலையாய சான்று திருநாவுக்கரசு சுவாமிகள். திருவதிகையிற் சூலை நோய் நீங்கப் பெற்ற அவர், உழவாரப்படையைக் கையிற்கொண்டு திருக்கோயில் முற்றங்களிற் புல்லைச் செதுக்கினார். அப்பெருமானோடு உலகத்தார் ஒருவரை ஒப்பிடுதல் ஈண்டுக் கருத்தன்று. நெறியை அறிதலே கருத்து. புல் நாடோறும் முளைக்கும். ஆதலின் அப்பணிக்கு முடிவிடம் இல்லை. பெற்றது அளவிலா அருளாதலின், “கொடுத்துத் தீர்த்தேன்” என்று கூறும் நாளும் அவர்க்கு இல்லையாயிற்று. ஓட்டத்திற்கோ ஒரு கரை உண்டு. அக்கரையை அடைந்த மறுநாள் என் செய்வது என்னும் வினாவிற்கு விடையில்லாதவழி, கைம்மாறு அவ்வளவில் நின்றுபோம், தொண்டாகத் தொடராது. கைம்மாறு கடன் தீர்ப்பது. தொண்டு தன்னைக் கொடுப்பது. ஆணவம் தேயும் இடம் பின்னையதேயாம்.

இவ்வரலாற்றைக் கேட்டு, “வினை வழி வந்தது” என்று கூறி வாளா இருப்பாரும் உளர். வினைக்கொள்கை தன் ஒழுக்கத்தைத் திருத்திக்கொள்ளற்கு வகுக்கப்பட்டதன்றிப் பிறர் துன்பத்தைக் கண்டு இகழ்தற்கு வகுக்கப்பட்டதன்று. உயிர் காத்தற்பொருட்டுச் சிறுவன் காலை அறுத்த மருத்துவன் கை கொடிதன்று. இறைவன் தீவினைக்குத் துன்பம் கூட்டுதலும் அத்தகைய மறக்கருணையேயாம். அறுக்கும் உரிமை மருத்துவனுக்கு உண்டு. கண்டு நிற்பார்க்கு அஃது இல்லை.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரிற் செய்த சூளுறவு தவறிக் கண்பார்வை இழந்தார். தவற்றிற்குரிய பயனை இறைவன் மாற்றவில்லை; ஆயினும் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று அருளினான்; கண்ணைப் பின்னரே கொடுத்தான். தண்டமும் ஊன்றுகோலும் ஒரு கருணையினின்றே வந்தன. நன்மை செய்து வீழ்ந்தார் ஒருவரைக் காணுங்கால், தண்டிக்கும் கடமையை அரசிடம் விட்டு, வினைக்கணக்கை இறைவனிடம் விட்டு, ஊன்றுகோல் கொடுக்கும் பணியைத் தமதாகக் கொள்ளுதலே சிவநெறி நிற்பார்க்கு உரிய கைம்மாறு என்க.

திருச்சிற்றம்பலம்.