பிரயாணத்தில் பேணுதல்



பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தூயதையும் உண்ணுமாறு வல்ல அல்லாஹ் ஸூரத்துல் பகராவில் மனிதர் அனைவரையும் நோக்கி ஏவுகின்றான். பினாங்கில் இருக்கும்போது ஒரு சட்டம், பிரேஸிலுக்குப் போனால் ஒரு சட்டம் என்று அந்த ஏவலில் இல்லை. ஆயினும், கடையில் உட்கார்ந்து பேணுதலாக உண்ணும் நாம், வியாபார நிமித்தம் அயல்நாடு சென்றால் அதே பேணுதலோடு இருக்கின்றோமா? இக்கேள்வியைப் பிறரிடம் கேட்பதற்கு முன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை நமக்கு ஏற்பட்டது. அதை மறைக்காமல் சொல்லுகிறோம்.

பிரேஸில் நாட்டில் கிராம்பு விளையும் மாநிலம் பஹியா. அந்தச் சரக்கு விஷயமாக அதன் தலைநகரான சால்வடோருக்குச் சென்றிருந்தோம். போர்த்துகீசியர் 1549-ல் அமைத்த பட்டணம் இது. 1763 வரை பிரேஸிலுக்கே தலைநகராய் இருந்தது. மேட்டில் ஒரு நகரம், கடலோரத்தில் ஒரு நகரம். இரண்டையும் இணைக்க 1873 முதல் ஒரு மின்தூக்கி ஓடுகின்றது. மேல் நகரின் பழைய பகுதிக்குப் பெலூரின்யோ என்று பெயர். அச்சொல்லுக்குக் கசையடிக் கம்பம் என்பது பொருள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகளின் முதுகில் கசை விழுந்த நகரம் அது. அந்த அடிமைகளுள் நம் மார்க்கத்தாரும் இருந்தனர். அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம்.

முதல் நாள் நண்பகல். சரக்கு விற்பவரின் ஆள் ஒருவர் நம்மை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துச் சென்றார். அங்கெல்லாம் வேண்டியதை நாமே தட்டில் எடுத்துக்கொண்டு தராசில் வைக்க வேண்டும். எடைக்குத் தக்கபடி விலை. வியாபாரியாகிய நமக்கு அம்முறை பிடித்துப்போயிற்று. சோறு எடுத்தோம். வறுத்த மரவள்ளி மாவு எடுத்தோம். அதைப் பரோஃபா என்கிறார்கள். குழம்பாக வேகவைத்த பயறும் எடுத்தோம். இறைச்சித் தட்டுகளை விட்டு விலகிப் போய்விட்டோம் என்ற திருப்தியோடு உட்கார்ந்தோம். இரண்டு கவளம் உண்டபின், பயற்றுக்குள்ளிருந்து கொழுப்புத் துண்டு ஒன்று வந்தது. அழைத்து வந்தவரைப் பார்த்தோம். பன்றியிறைச்சி போடாமல் இங்கே யாரும் பயறு சமைப்பதில்லையே என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

எழுந்து போய் வாயைக் கொப்பளித்தோம். அறியாமல் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பவன். ஆனால் நமது உள்ளம் அத்துடன் அமைதி அடையவில்லை. உண்மையில் நாம் அறியாமல் உண்டோமா? "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்டால் அந்த மனிதர் நம்மைப் பட்டிக்காட்டான் என்று நினைப்பாரோ, வியாபாரப் பேச்சுக்குக் குந்தகம் வருமோ என்றே வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அறியாமை வேறு, அறியாமலே இருந்துவிடுவோம் என்று இருப்பது வேறு. முன்னதற்கு மன்னிப்பு உண்டு. பின்னதற்கு என்ன பதில் வைத்திருக்கின்றோம்? அந்தக் கடைத் தராசு நம் தட்டை நிறுத்தது, அவ்வளவே. நாளை மறுமையில் மீஜான் என்னும் தராசு தட்டை மட்டுமா நிறுக்கும்? வாய் திறக்காமலிருந்த அந்த வெட்கத்தையும் அல்லவா நிறுக்கும்!

அன்று மாலையே, இனிக் கேட்காமல் ஒரு வாய் உண்பதில்லை என்ற நிய்யத்துடன் கடைத்தெருவுக்குச் சென்றோம். ரியோ வெர்மெல்யோ என்னும் கடற்கரைப் பகுதியில், வெள்ளைச் சரிகைப் பாவாடையும் தலைப்பாகையும் அணிந்த மாதர் எண்ணெய்ச் சட்டி வைத்து அக்கராஜே என்னும் பலகாரம் சுடுகின்றனர். காராமணிப் பயற்றை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயமும் உப்பும் சேர்த்து அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். பார்த்தவுடன் நம் வடை என்றே எண்ணினோம். அதைப் பிளந்து நடுவே வத்தபா வைக்கின்றனர். ரொட்டி, தேங்காய்ப்பால், உலர்ந்த இறால், கடலை முதலியன சேர்த்துக் கிண்டிய கூழ் அது. வெண்டைக்காய்க் கூட்டும் மிளகாய்ச் சாந்தும் உண்டு. இதே மாவை வாழையிலையில் கட்டி அவித்தால் அதற்கு அபரா என்று பெயர்.

இறைச்சி சேருமா என்று கேட்டோம். இல்லை என்றார் அம்மாது. எண்ணெயில் வேறெதுவும் பொரிப்பீர்களா என்றோம். இந்த மாவைத் தவிர வேறில்லை என்றார். மற்றொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. காந்தோம்ப்ளே என்னும் ஆப்பிரிக்க வழிபாட்டில், இயான்ஸான் என்ற தெய்வத்துக்குப் படைக்கப்படும் பண்டம் அக்கராஜே. படைத்ததை நாம் உண்ணலாகாது. தயங்கித் தயங்கிக் கேட்டோம். அம்மாது கோபிக்கவில்லை. படைப்பது தனி, அது கோயிலில். இந்தத் தட்டில் உள்ளது பசித்தவருக்கு விற்பது என்று விளக்கமாகச் சொன்னார். பிறகே பிஸ்மி சொல்லிப் பசியாறினோம். இதைப் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. பிரயாணம் போகிறவர்கள் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

சூடாக வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, ஆறிப்போனதை யார் உண்பார் என்றெண்ணி ஆமாம் என்றோம். அவ்வூரில் அச்சொல்லுக்குக் காரம் வேண்டுமா என்று பொருளாம். அள்ளிப் பூசிவிட்டார். நம்மவருக்கு மிளகாய் புதிதா? கண்ணில் நீர் வந்தாலும் மானம் காத்தோம்.

பக்கத்தில் ஒரு பெண் மரவள்ளி மாவில் வெள்ளை அடை சுட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் வைத்த அடை ஒன்று கேட்டு, இதில் ஏதாகிலும் இறைச்சி உண்டா என்றோம். அப்பெண் கூறிய பதிலை நம் வாணாளில் மறக்கமாட்டோம். தேங்காய் அடையில் இல்லைதான். ஆனால் சற்று முன் இதே கல்லில் பன்றியிறைச்சி வைத்த அடை சுட்டேன், உங்களுக்கு அது ஆகாதென்றால் இங்கே சாப்பிட வேண்டாம் என்றார்! நாம் கல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. சொல்லாதிருந்தால் காசு வந்திருக்கும். கேளாததையும் சொல்லி, வந்த வியாபாரத்தைத் தாமே விட்டுவிட்டார். உண்மையும் நம்பிக்கையும் உள்ள வியாபாரி நாளை நபிமார்கள், உண்மையாளர்கள், ஷுஹதாக்கள் ஆகியோருடன் இருப்பான் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எத்தனை பயான்களில் கேட்டிருக்கின்றோம்! கலிமா அறியாத ஒரு பெண்ணிடம் அந்த வாய்மையைக் கண்டு தலைகுனிந்தோம்.

உணவு வகைகள் அல்லாஹ்வின் ஏற்பாட்டில் எப்படியெல்லாம் பிரயாணம் செய்திருக்கின்றன பாருங்கள்! ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மலாயாவில் நம் முன்னோரின் உயிரைக் காத்த மரவள்ளிக்கிழங்கு தென்னமெரிக்க மண்ணில் தோன்றியது. நம் பிரியாணியில் விழும் முந்திரிப்பருப்பும் பிரேஸிலில் தோன்றி, போர்த்துகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. பஹியாவின் சட்டியில் கொதிக்கும் செம்பனை எண்ணெய்க்கு ஆப்பிரிக்காதான் தாயகம். அதே மரத்தைத்தான் 1917-ல் கோலசிலாங்கூர் அருகே தென்னமாரான் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரப் பயிராக நட்டனர். ரிஸ்க் நம்மைத் தேடிக் கடல் கடந்து வருகின்றது. அது எப்படி வந்தது, எவர் கைபட்டு வந்தது என்று விசாரிப்பது மட்டும் நம் பொறுப்பு.

மறுநாள் ஓர் உணவு விடுதியில் 'ஹவுஸா சோறு' என்ற பெயரைக் கண்டு உள்ளம் துள்ளியது. ஹவுஸாக்கள் வட நைஜீரியாவின் முஸ்லிம் பெருங்குடியினர் அல்லவா! உப்பில்லாமல் குழைய வடித்த சோறு. அதன்மேல் செம்பனை எண்ணெயில் வதக்கிய வெங்காயமும் இறாலும், வறுத்த உப்புக்கண்டமும் வைக்கின்றனர். முஸ்லிம் பெயர்தானே என்று கையை நீட்டியிருப்போம். முதல் நாள் பட்ட பாடு தடுத்தது. கேட்டோம். உப்புக்கண்டம் சந்தையில் வாங்கிய மாட்டிறைச்சி. அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. அதை வைக்காமல் சோறும் இறாலும் தரச் சொல்லி உண்டோம். இறாலைப் பற்றி ஹனபி மத்ஹபினருக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் மத்ஹபைப் பேணிக்கொள்க. சிரியா, லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கிப்பேயும் இறைச்சி ரொட்டியும் பிரேஸிலின் தெருவெல்லாம் விற்கின்றன. அரபுப் பெயர் என்பதற்காக அவையும் ஹலாலாகிவிடா. இங்கே நம் கடைகளுக்கு ஹலால் முத்திரையுடன் உறைகோழி அனுப்பும் நாடு பிரேஸில். அங்குள்ள தெருக்கடையிலோ அந்த முத்திரை இல்லை. பெயரை நம்பி உண்பது பேணுதல் ஆகாது.

அந்த ஹவுஸா சோற்றுக்குப் பெயர் தந்தவர்களின் கதையைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவுஸாக்களும் யோருபா முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாய் அந்நகரில் இறக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்கு மாலே என்று பெயர். அவர்கள் அரபி எழுதினர், கூடித் தொழுதனர், கூடி உண்டனர். எலெஸ்பாவ் டோ கார்மோ என்று பெயரிடப்பட்ட ஒரு ஹவுஸாக்காரர் விடுதலை பெற்றுப் புகையிலை வியாபாரம் செய்தார். கடைத்தெருவில் இருந்த அவருடைய கடையே மதரஸாவும் ஆயிற்று. பாஸிபிகோ லிகுத்தான் என்ற முதியவரை மீட்கத் தோழர்கள் பணம் சேர்த்தனர். எஜமானன் விற்க மறுத்தான். பின்னர் அந்த எஜமானன் பட்ட கடனுக்காக அம்முதியவரைப் பொருளைப்போல் பறிமுதல் செய்து சிறையில் வைத்தனர். கடன் என்றால் என்னவென்று அறிந்த வியாபாரிகளே, ஒருவன் கடனுக்கு இன்னொருவன் உடலை ஏலம் போட முனைந்த கொடுமையை எண்ணிப் பாருங்கள்!

1835 ஜனவரி 24-ந் தேதி இரவு, ரமலானின் இறுதிப் பகுதியில், அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஏறக்குறைய அறுநூறு பேர். திட்டம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கப்பட்டுவிட்டது. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நால்வர் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கசையடியும் சிறையும் நாடு கடத்தலும் பலருக்குக் கிடைத்தன. அவர்கள் கையால் எழுதிய அரபி ஏடுகள் இன்றும் பஹியா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

உண்ணும் சோறும் உடுக்கும் துணியும் எஜமானன் கையில் இருந்தவர்கள் அவர்கள். அந்நிலையிலும் மார்க்கத்துக்கென்று ஒரு ஸஹனைக் காத்துக்கொண்டனர். நம் கையில் காசு இருக்கின்றது, பாஸ்போர்ட் இருக்கின்றது, பயறு வேண்டாம், பழம் போதும் என்று சொல்லும் சுதந்திரமும் இருக்கின்றது. அப்படியிருந்தும் ஒரு வியாபாரியின் முகத்துக்கு அஞ்சி நாம் வாய் மூடியிருந்தோம். ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையில் உள்ள சந்தேகமானவற்றை விட்டு விலகுகிறவர் தம் தீனையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற நபிமொழியின் கருத்து, நமக்கு அந்த ஊரில்தான் உறைத்தது.

சகோதரர்களே! இதுவரை உண்பவனின் கடமையைச் சொன்னோம். நம்மவரில் பலர் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள். ஆகவே ஊர் திரும்பிய நாள் முதல் நம்மை வருத்தும் இன்னொரு கேள்வியும் உண்டு.

நம் கடைகளில் ஆணங்களைக் கலந்து சோற்றின்மேல் ஊற்றுவது வழக்கம். அந்த ருசிக்காகவே ஜனங்கள் வரிசையில் நிற்கின்றனர். மாட்டிறைச்சி உண்ணாத இந்துச் சகோதரர் ஒருவர் வந்து, இந்த ஆணத்தில் மாட்டு ஆணம் கலந்திருக்கிறதா என்று கேட்கின்றார். மரக்கறி மட்டும் உண்ணும் அம்மாள் ஒருவர், இந்தக் கரண்டி இறைச்சிச் சட்டியில் பட்டதா என்று கேட்கின்றார். மத்தியான நெருக்கடியில் நம் பையன் என்ன பதில் சொல்லுகிறான்? "அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுகின்றானா? அவன் அப்படிச் சொல்லிப் பெற்ற சில வெள்ளிக் காசு நம் பெட்டியில் விழுந்தால், அதில் பரக்கத் இருக்குமா? சுவரில் ஆயத்துல் குர்ஸியை மாட்டிவிட்டோம், வாசலில் ஹலால் முத்திரையை ஒட்டிவிட்டோம் என்பது அந்தப் பொய்க்கு ஈடாகுமா? பயற்றுக்குள் பன்றித் துண்டைக் கண்டபோது நம் வயிறு எப்படிப் புரண்டதோ, அப்படியே அவருக்கும் புரளும். அவருடைய நம்பிக்கை வேறு. நம்மிடம் அவர் வைத்த நம்பிக்கை நமக்கு அமானிதம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டே. அயலூரில் உண்ணும்போது வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டவரை எவரும் இழிவாய் நினைப்பதில்லை. கேட்டதனால் நமக்கு ஒரு வியாபாரமும் கெடவில்லை, கிராம்பும் பேசியபடியே வந்து சேர்ந்தது. சொந்தக் கடையில் ஒருவர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேளாவிட்டாலும், அவருக்கு ஆகாதென்று தெரிந்தால் நீங்களே முந்திச் சொல்லுங்கள். பையன்களுக்கும் அவ்வாறே கற்பியுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கை விசாலமாக அளித்து, உண்பதிலும் விற்பதிலும் பேணுதலை நல்கி, அந்நிய மண்ணில் ஈமானோடு மறைந்த அந்த மாலே சகோதரர்களுக்கும் மஃபிரத்தை அருளித் தௌபீக் செய்வானாக! ஆமீன்.