இடாப்பும் நேரசூசியும்

எனது கார் ஜப்பானில் ஓடி முடித்து, 2016இல் என் கைக்கு வந்த ஹைபிரிட் கார். கட்டாரில் இருக்கும் மச்சான் அனுப்பிய பணம் பாதி, வங்கிக் கடன் பாதி. அதில் எனக்கு ஒரேயொரு தொல்லை இருந்தது. றிவர்ஸ் கியரைப் போட்டால் அதை எடுக்கும்வரை உள்ளே 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டேயிருக்கும். வெளியில் நிற்பவருக்கு அது கேட்காது. ஓட்டுகிறவனுக்கு மட்டுமேயான உபதேசம் அது. எங்கள் ஒழுங்கையோ காரைத் திருப்ப முடியாத ஒழுங்கை. ஒவ்வொரு காலையும் பாடசாலைக்குப் போகுமுன் இந்த உபதேசத்தை முழுதாகக் கேட்டாக வேண்டும்.

கணினி படிக்கும் ராத்தாவின் மகன் ஒருநாள் மடிக்கணினியோடும் ஒரு வயரோடும் வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசிகள் கொண்ட ஒரு துவாரம் இருப்பதை அன்றுதான் கண்டேன். 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு அது கட்டாயமாம். புகை கக்குவதைக் கண்காணிக்கவென வந்த அந்தத் துவாரம், பின்னர் காரின் மூளைக்குப் போகும் வாசலாகிவிட்டது. டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், வொக்ஸ்வாகன் வகைகளுக்கு விசிடிஎஸ் என்று இதற்கெனத் தனித்தனி மென்பொருள்கள் இருக்கின்றன. திரையில் 'தொடர்ந்து', 'ஒருமுறை' என்று இரண்டு தெரிவுகள். மருமகன் இரண்டாவதைத் தொட்டான். உபதேசம் ஒரு சொல்லோடு நின்றது.

அந்தத் தெரிவு காருக்குள் முன்பே இருந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஓர் அறையைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனது போலல்லவா இது? 2015இல் அமெரிக்காவில் இந்த வழக்கு எழுந்தபோது, ஜோன் டியர் என்ற உழவு இயந்திரக் கம்பனி, வாங்கியவருக்கு அதிலுள்ள மென்பொருளைப் பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே உண்டு என்று அரசுக்கு எழுதியது. நெல் விளையும் ஊரில் பிறந்த எனக்கு, உழவு மெசினை வாங்கியவன் அதற்கு முழுச் சொந்தக்காரனல்ல என்ற கதை சிரிப்பைத் தந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், வாகனச் சொந்தக்காரர் பழுது பார்ப்பதற்கும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றுவதற்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் அங்கு விலக்கு அளிக்கப்பட்டது. நான் இவ்விடயத்தில் சொந்தக்காரனின் கட்சி.

இந்தக் கட்சிப் பற்று ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

முன் ஆசனத்தில் மரக்கறிப் பையை வைத்தால் பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தும். அதையும் நிறுத்தச் சொன்னேன். மருமகன் நிறுத்தித் தந்தான். சில நாட்களின் பின் சின்ன மகளை முன்னால் இருத்திக்கொண்டு அம்பாறைக்குப் போனேன். போய் இறங்கும்போதுதான் பார்த்தேன், பிள்ளை பெல்ட் போட்டிருக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லைதான். ஆனால், மரக்கறிப் பைக்கென்று நான் வாங்கிய மௌனம் என் பிள்ளைக்கும் சேர்த்து அமுலாகியிருந்தது. இரவல் வாங்கிப் போகும் அடுத்த வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். சத்தம் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்றுதானே அவர் நினைப்பார்? காரில் ஒரு கதிரையைக் கழற்றினால் எவருக்கும் தெரியும். இப்படிக் கழற்றியது எவர் கண்ணுக்கும் தெரியாது.

மருமகனைக் கூப்பிட்டு அதைப் பழையபடி ஆக்கச் சொன்னேன். அப்போதுதான் அவன் திரையில் ஒரு வரியைக் காட்டிக் கேட்டான்.

"மாமா, மீற்றர்ல எவ்வளவு கிடக்கு?"

"ஐம்பத்து மூவாயிரம்."

"அப்ப இது என்ன?"

காரின் கணினியிலிருந்து பிழைக் குறிப்புகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம் அது: 65,535 கிலோமீற்றர். ஒரு பகுதி முழுதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த எண்ணை இரண்டு பைட்டில்தான் எழுதுவார்கள். இரண்டு பைட்டில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண்ணே 65,535தான். அதற்குமேல் எண்ண இடமில்லாமல் அது அங்கேயே நின்றுவிடும். ஆக, உண்மை அதைவிட எவ்வளவு கூட என்பதும் தெரியாது. எனக்கு வருமுன்னர் யாரோ மீற்றரைக் குறைத்திருக்கிறார்கள். இந்த மூலையைத் துடைக்க மறந்திருக்கிறார்கள். வேறு காரின் கணினியைக் கழற்றி இதற்குப் பூட்டியிருக்கவும் கூடும் என்றான் மருமகன். அந்த வார்த்தையை நான் எவ்வளவு ஆவலோடு பிடித்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அது 2023. மூத்த மகளுக்கு வளவில் கட்டிய வீடு கூரையில்லாமல் நின்றது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால், நான் கொடுத்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்டு வந்தார்கள். தரகர் சொன்னார்: "சேர், நீங்களா குறைச்ச? இல்லையே. வாங்கின மாதிரியே வித்துடுங்க."

அவர் பேச்சில் நியாயமில்லாமலில்லை. நான் வாய் திறந்து பொய் சொல்லப்போவதில்லை, மீற்றர்தான் சொல்லும். ஏமாற்றப்பட்டவனும் நானே. சொல்லப்போனாலும் சரியான எண் என்னிடமில்லை.

என் வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது. நேரசூசியை நான் மாற்றலாம். மூன்றாம் பாடத்துக்குக் கணிதத்தை விட்டுத் தமிழ் எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? வரவு இடாப்பு அப்படியல்ல. அது என் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது, எழுதுகிற பேனையும் என்னுடையது. ஆனாலும் வராத பிள்ளைக்கு வரவு போட எனக்கு உரிமையில்லை. முன்பிருந்த ஆசிரியர் பொய்யாக நிரப்பிவிட்டுப் போயிருந்தால்? அதைத் தெரிந்துகொண்டே கூட்டி, மாத முடிவில் அடியில் நான் ஒப்பமிட்டால் அது என் கணக்குத்தான்.

றிவர்ஸ் சத்தம் நேரசூசியைச் சேர்ந்தது, மீற்றர் இடாப்பைச் சேர்ந்தது. மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரித்தான் மாற்றும். சொந்தக்காரன் என்ற நியாயமும் இங்கு உதவாது. 2015இல் பிடிபட்ட வொக்ஸ்வாகன் கம்பனி மாற்றியது தன்னுடைய மென்பொருளைத்தான். சோதனைக்கூடத்தில் இருக்கிறோம் என்று கார் தானே கண்டுபிடித்துப் புகையைக் குறைத்துக் காட்டும். வீதிக்கு வந்ததும் பழைய குணம். அப்படி உலகம் முழுக்க 1 கோடி 10 இலட்சம் டீசல் கார்கள். அந்த எண்களை நம்பியவர்கள் வெளியே இருந்தார்கள் அல்லவா?

பெல்ட் சத்தம் இதில் எந்தப் பக்கம் என்பதில்தான் எனக்கு இன்றும் தடுமாற்றம். அமைப்பு போலவும் இருக்கிறது, சாட்சி போலவும் இருக்கிறது.

வந்தவர்களுக்கு மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். முதல் இருவரும் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாமவர், "அப்ப உண்மையா எவ்வளவு ஓடியிருக்கு சேர்?" என்றார். தெரியாது என்றேன். ஐந்து இலட்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். மகளின் வீட்டுக்கு ஓட்டுக்குப் பதிலாகத் தகரம்தான் போட்டோம். மழை பெய்யும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்ப்பாள்.

காரை எடுத்துப்போகும்போது அவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "பெல்ட் சத்தத்தையும் நிப்பாட்டலாமாமே, சேர்?" கார் அப்போது அவருடையது. மருமகனின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்க மறந்துபோனேன்.