திருவிழா மேடை யாருக்கு உரியது?

சிவபெருமானுக்குச் சைவர்கள் வழங்கிய திருநாமங்களுள் கூத்தன் என்பதும் ஒன்று. ஆடுகின்ற இறைவனை வணங்கும் சமயத்தில் ஆடலும் பாடலும் கோயிலுக்குப் புறம்பான பொருள்களாக இருக்க முடியாது. பூசையின் உபசாரங்களுள்ளேயே கீதத்துக்கும் நிருத்தத்துக்கும் இடமுண்டு. ஆகவே திருவிழாவில் கலை வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கலை யாருக்காக நடைபெறுகிறது என்பதே கேள்வி. தீவகத்துக் கோயில்களில் மகோற்சவத்துக்கு முந்திய பொதுக்கூட்டந்தோறும் இக்கேள்வி எழும்புகிறது. தேநீர் வந்ததும் அடங்கிவிடுகிறது.

காட்சி எல்லோருக்கும் பழகியதுதான். இரவுத் திருவிழா. வசந்த மண்டபப் பூசை முடிந்து சுவாமி வீதியுலா எழுந்தருளுகின்றார். மேற்கு வீதியில் மேடை, பட்டணத்திலிருந்து வந்த மெல்லிசைக் கோஷ்டி, வரிசையாகப் பிளாஸ்ரிக் கதிரைகள், கச்சான் கடை. மேடைக்கு முன்னால் ஐந்நூறு பேர் இருந்தால் சுவாமியோடு வருபவர்கள் முப்பது பேர். சுவாமி மேற்கு வீதிக்குத் திரும்பும்போது ஒலிபெருக்கிச் சத்தத்தில் தவிலும் நாதஸ்வரமும் கேட்பதில்லை. சிலர் எழுந்து நிற்கிறார்கள். சிலர் இருந்த கதிரையிலேயே திரும்பிக் கைகூப்பிவிட்டு மறுபடி மேடையைப் பார்க்கிறார்கள். சுவாமி காவுகின்ற இளைஞர்களுக்கும் பாட்டு எது என்று காதில் விழாமல் இல்லை.

இதைக் காணும் முதியவர்கள் உடனே சொல்லும் வார்த்தை, முந்தி இப்படி இல்லை என்பது. அது பாதி உண்மை. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் காலத்திலேயே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நடந்த தாசியர் நடனத்தையும் வாணவேடிக்கையையும் கடுமையாகக் கண்டித்தவர். வணங்க வருபவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பதே அன்றும் மனக்குறை. சின்னமேளம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் குடாநாட்டுக் கோயில்களில் இருந்தது. அதற்கும் கூட்டம் சேர்ந்தது. வேடிக்கை பார்க்கும் கண் கோஷ்டிக்காரர்கள் கொண்டுவந்த கண் அன்று.

பெரியபுராணத்தில் இக்கேள்விக்கு ஒரு துலக்கமான விடை இருக்கிறது. ஆனாய நாயனார் பசுக்களை மேய்க்கப் போன இடத்தில் கொன்றை மரமொன்றைக் கண்டு, அதைச் சிவபெருமானாகவே நினைந்து, திருவைந்தெழுத்தை வேய்ங்குழலில் வாசித்தார். கேட்டவை பசுக்களும் பறவைகளும். மேடையில்லை, உபயகாரர் இல்லை, பொன்னாடை இல்லை. அந்த இசைக்கே இறைவன் எழுந்தருளினான். இதைக் கொண்டு, சபையில்லாத கலையே உயர்ந்தது என்று வாதிக்கலாம். ஆனால் ஊர் என்பது காடன்று. ஊர்த் திருவிழாவின் கலைக்குச் சபை வேண்டும். அந்தச் சபை என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

தீவகத்தில் இது எப்படி இருந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் போன்றவை தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்தவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு இன்றும் கடல்தான் பாதை. மாலையானால் லோஞ்ச் இல்லை. திருவிழாக் காலத்தில் விசேட சேவை நடந்தாலும் ஆனி, ஆடியில் சோளகக் காற்று அதைக் கேட்டு நடப்பதில்லை. ஆகவே தீவுக்கு வந்த கலைஞன் தங்கித்தான் ஆகவேண்டும். மேளகாரர்கள் கொடியேற்றத்துக்கு வந்தால் தீர்த்தம், பூங்காவனம் முடிந்தே போனார்கள். பகலில் மடத்துத் திண்ணையில் அவர்கள் சாதகம் செய்வதைப் பார்த்திருந்து தொடையில் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைகள் பலர். வெளிக் கலைஞர்கள் அருமையாக வந்தபடியால் ஊரவர்களே கலைஞர்களாகவும் ஆனார்கள். காத்தவராயன் கூத்து அப்படி வளர்ந்தது. அது மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடும் கூத்து. பிள்ளைக்கு நோய் மாறினால் கூத்துப் போடுவதாக நேர்ந்தவர் செலவை ஏற்பார். ஆடுபவர் தோட்டக்காரர், கடற்றொழிலாளி, கடைச் சிப்பந்தி. பனங்காணிக்குள் பெற்றோல்மாக்ஸ் கொளுத்தி மாதக்கணக்கில் பழகுவார்கள். ஆடும் இரவில் பார்த்திருப்பவர்களுக்கும் பாதிப் பாட்டு மனப்பாடம். காத்தவராயன் கழுமரம் ஏறும்போது சபை எழுந்து கும்பிடும். அங்கே பார்ப்பவர் யார், வழிபடுபவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கோயில் கணக்கில் இதை எங்கே எழுதுவது என்பது ஒரு சிக்கல். மேளத்துக்குக் கொடுப்பது பூசைச் செலவோடு சேரும். கோஷ்டிக்குக் கொடுப்பது கலைநிகழ்ச்சிச் செலவு. கூத்துக்குத் தலைப்பே இல்லை. அண்ணாவியாருக்கு வேட்டி சால்வையும் வெற்றிலையும், பழகிய நாட்களில் தேநீரும் பாணும், அவ்வளவுதான். எத்தனை இரவுகள் எத்தனை பேர் கண்விழித்தார்கள் என்பதற்கு எந்தப் பற்றுச்சீட்டும் கிடையாது.

இப்படிச் சொல்வதால் பழைய காலம் முழுவதும் பொன் என்று கொள்ளலாகாது. அந்த நாளில் கோயிலின் உள்ளே வரவிடாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தீவகத்திலும் இருந்தார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968 இல் மாவிட்டபுரத்தில் வாயிலில் நின்று போராட வேண்டியிருந்தது. சாதி கடந்த காதலுக்காகக் கழுவேறியவன் கதையை ஆடிய ஊர்களே ஆளுக்கொரு எல்லைக் கோடு கீறி வைத்திருந்தன. கலைஞனின் கையை வணங்கிவிட்டு அவனுக்குத் திண்ணையில் தனி இலை போட்ட வழக்கமும் இருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையில் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றே யாழ் வாசித்தார். அவரை உள்ளே அழைக்கும்படி கட்டளையிட்டவன் இறைவன். ஈர நிலத்தால் யாழின் நரம்பு தளருமென்று பொற்பலகை இடச் சொன்னவனும் அவனே. அக்கட்டளை யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கு வந்து சேர மெத்தக் காலம் எடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் பிளாஸ்ரிக் கதிரை மேலானது. அதில் யாரும் இருக்கலாம்.

பிறகு இடப்பெயர்வு வந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியது. பூசையின்றிப் பூட்டிக் கிடந்த கோயில்கள் உண்டு. கூத்துக் கொப்பிகள், மத்தளங்கள், அட்டை முடிகள் எல்லாம் வீடுகளோடு போயின. ஆட்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சுவிஸுக்கும் போனார்கள். திரும்பி வந்த முதல் உறவு காசுதான். கோபுரம் எழுந்தது, சித்திரத்தேர் ஓடியது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு குடும்பம் வெளிநாட்டிலிருந்து உபயம் ஏற்றது. தமது திருவிழா சோபிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். பக்கத்துத் திருவிழாவுக்கு ஒரு கோஷ்டி என்றால் தமதுக்கு இரண்டு. இதைப் பெருமைக்குச் செய்கிறார்கள் என்று ஊரில் பேசுவது எளிது. பனி கொட்டும் ஊரில் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு அது. கூத்துப் பழக ஆறு மாதம் வந்திருக்க அவரால் இயலாது. நேர்த்தியைத் தீர்க்க அவர் கையில் உள்ள ஒரே பொருளை அனுப்புகிறார். அதைக் குறைவாகப் பேசுவது அறமாகாது.

பிழை எங்கே என்றால், அந்தக் காசு ஊருக்கு வந்து செய்யும் வேலையில். அது ஒரே இரவில், நாலு மணித்தியாலத்தில், ஊரவர் அனைவரையும் பார்வையாளராக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. கோஷ்டிக்காரர் நல்லாகப் பாடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் வீதியில் கச்சான் கோதைத் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை. பாடப் பழகிய பிள்ளை ஒன்றில்லை, கண்விழித்துப் பழக்கியவர் ஒருவரில்லை. கொடுத்தவருக்கு நேர்த்தி தீர்ந்தது. ஊர் தன் பங்குக்கு எதைக் கொடுத்தது? மேளத்துக்கும் அன்று காசு கொடுக்கப்பட்டதே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மேளம் சுவாமிக்கு முன்னால் போனது. கேட்க விரும்பியவர்கள் சுவாமியின் பின்னால் நடக்க வேண்டியிருந்தது.

கடல்வழித் தீவொன்றில் 2024 ஆம் ஆண்டுத் திருவிழாவில் நடந்ததை இங்கே சொல்லலாம். ஆறாம் திருவிழா கனடாவிலிருக்கும் ஒருவருடைய உபயம். கோஷ்டிக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, மேடை கட்டியாயிற்று. அன்று பிற்பகல் சோளகம் எழும்பியது. லோஞ்ச் ஓடவில்லை, கோஷ்டியும் குறிகட்டுவான் துறையோடு நின்றுவிட்டது. வெளிச்சம் போட்ட வெறும் மேடைக்கு முன்னால் சனம் இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் ஏறித் தேவாரம் பாடினார்கள். கால் மணித்தியாலத்தில் அது முடிந்துவிட்டது. பிறகு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவரைப் பிடித்து ஏற்றினார்கள். இளவயதில் ஆரியமாலைக்கு ஆடியவர். வயது எண்பதை நெருங்கியது. தொண்டை போய்விட்டது என்று மறுத்தவர், தாளத்தைக் கையில் கொடுத்ததும் பாடத் தொடங்கினார். இரண்டாம் பாட்டில் பெண்கள் பக்கத்திலிருந்து பிற்பாட்டு எழும்பியது. சுவாமி மேற்கு வீதிக்கு வந்தபோது அவர் பாட்டை நிறுத்தி இறங்கிவந்து கும்பிட்டார். இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

உபயகாரர் இதையெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். கோஷ்டி வராததற்குக் கோபிப்பார் என்று பொருளாளர் பயந்தபடியே அழைப்பை எடுத்தார்.

“அண்ணை, பெரியையா ரெண்டாம் பாட்டிலை ஒரு வரியை விட்டிட்டார்,” என்றாராம் அவர். “கவனிச்சனீங்களே?”

ஒருவரும் கவனிக்கவில்லை. 1991 இல் ஊரைவிட்டுப் போகும் வரை அவரும் அந்தக் கூத்தில் பிற்பாட்டுக்காரர். அந்த வரியை அங்கிருந்தே பாடிக் காட்டினார்.

கோஷ்டிக்குச் சேரவேண்டிய மிகுதிக் காசு இன்னும் கோயில் கணக்கில் கிடக்கிறது. எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று சபையில் தீர்மானமாகவில்லை. சனிக்கிழமைகளில் ஐந்து பிள்ளைகள் பெரியவரிடம் போகிறார்கள். அவர்களுள் இருவர் பெண்பிள்ளைகள். பழைய நாளில் அது நடந்திராது. பெரியவருக்குக் கூத்தில் மூன்றிலொரு பங்குதான் நினைவில் இருக்கிறது. மிகுதியைக் கனடாக்காரர் வேலை முடிந்து வந்த நேரங்களில் பாடிப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆரியமாலை புலம்பும் இடத்தில் நாலு வரி இருவருக்கும் வரவில்லை. புங்குடுதீவில் ஒரு வீட்டில் பழைய கொப்பி ஒன்று தப்பியிருப்பதாகக் கேள்வி. கடல் அடங்கியதும் ஒருநாள் போய்ப் பார்த்துவர இருக்கிறார்கள்.