கணவாயும் இறாலும் கண்ணியமும்



ஆடு, மாடு, கோழியை அல்லாஹ்வின் பெயர் கூறி அறுக்க வேண்டும். மீனுக்கு அறுப்பே தேவையில்லை; வலையிலேயே செத்திருந்தாலும் ஹலால். கடல் வேட்டையை அனுமதிக்கிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆவது வசனம். அபூ உபைதா (ரலி) தலைமையில் சென்ற 300 ஸஹாபாக்கள் பசியால் இலைகளைத் தின்றபோது, அம்பர் எனும் பெரிய மீன் கரை ஒதுங்கியது. அதைச் சாப்பிட்டார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்களும் அதில் கேட்டு வாங்கி உண்டார்கள்.

கணவாய் ஷாஃபிஈ மத்ஹபில் ஹலால். ஹனஃபியில் மீன் மட்டுமே ஹலால் என்பதால் கூடாது. இறால் மீனா என்பதில் ஹனஃபி உலமாக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

கடற்கரை ஊரின் ஷாஃபிஈ பெண், ஹனஃபி வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். “ஹராம் தின்று வளர்ந்தவள்” என்று மாமியார் குத்திக்காட்டலாமா? கூடாது. மருமகளும் கணவாயைச் சொல்லாமல் குழம்பில் போட்டுப் பரிமாறக் கூடாது. அவரவர் மத்ஹபை அடுத்தவர் மதிக்கட்டும்.

புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். அந்த மாமிசம் ஹராம் என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. தட்டைப் பார்க்கும் நாம் நாவையும் பார்ப்போம்.

அல்லாஹ் நமக்கு ஹலாலான உணவையும் பேணுதலான நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.