நீர் புகாப் பெட்டியும் மூச்சடக்கிய மனிதனும்

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. இல்லாமைக்கு நடுவிலும் இயற்றிக்காட்டும் மனித ஆற்றலை அது போற்றுகின்றது. போற்றுதற்குரியதே. ஆயினும், அவன் கையில் இருந்திருக்க வேண்டிய ஆயுதம் எங்கே போயிற்று, புல்லை மட்டும் அவனுக்கு விட்டுவைத்தவர் யார் என்ற வினாவை அப்பழமொழி எழுப்புவதில்லை. வறியவனின் கைத்திறனைப் புகழ்வது எப்போது அறமாகின்றது? எப்போது அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறைக்கும் திரையாகின்றது? மன்னார்க் கடலை முன்வைத்து இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

கடலுக்கடியில் கமராவைக் கொண்டுசென்ற வரலாறு 1893இல் பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூத்தானிடம் தொடங்குகின்றது எனலாம். தம் சகோதரர் வடிவமைத்த பெட்டிக்குள் கமராவை அடைத்து அவர் கடலடியில் படமெடுத்தார். 1954இல் ஜெர்மனியில் ரோலைமரின் பெட்டியும், 1960இல் பிரான்சில் கலிப்ஸோ கமராவும், 1963இல் ஜப்பானில் நிக்கோனோஸும் வந்தன. இவை கைக்கெட்டாத சோவியத் நாட்டுச் சுழியோடிகள், தம்மிடமிருந்த ஃபெட், ஸோர்க்கி கமராக்களுக்குத் தாமே பெட்டி செய்யத் துணிந்தனர். அலுமினியக் கலப்புலோகம், ஒளிபுகும் பிளாஸ்திக்குத் தகடு, ரப்பர் வளையம் ஆகியவையே மூலப்பொருள்கள். ஒருவர் கண்ட முறையை மற்றவரும் அறியும்படி வரைபடங்கள் அச்சேறின. பின்னர் தொழிற்சாலைகளும் இத்தகைய பெட்டிகளை வெளியிட்டன.

இவ்வேலை எளிதன்று. பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் கூடுகின்றது. 20 மீற்றர் ஆழத்தில், 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கண்ணாடியின் மீது ஏறத்தாழ 160 கிலோகிராம் பாரம் அழுந்தும். மூன்று மூட்டை அரிசிக்கு மேல். விசையைத் திருப்பும் தண்டு பெட்டியைத் துளைத்துச் செல்லும் இடமே மிகவும் நலிந்த இடம். அங்கே பள்ளத்துள் பொருத்திய ரப்பர் வளையத்தை நீரின் அழுத்தமே மேலும் இறுக்கிப் பிடிக்கச் செய்வதுதான் இதன் நுட்பம். எல்லாம் முடிந்ததும், வெறும் பெட்டியைப் பாரம் கட்டி ஆழத்தில் இறக்குவார்கள். மேலே எடுத்து, உள்ளே ஒரு துளி ஈரமேனும் உண்டா என்று பார்த்த பின்னரே கமராவை அதனுள் வைப்பார்கள்.

ஃபெட் கமராவின் பிறப்பும் ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டியது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தெருவில் எறிந்த பிள்ளைகளுக்காக 1927இல் கார்க்கோவில் தொடங்கப்பட்ட தொழிற்கம்யூனை நடத்தியவர் கல்வியாளர் அன்ரன் மகரெங்கோ. அப்பிள்ளைகள் முதலில் மின்துளைக் கருவிகளையும், 1934 முதல் தொகையாகக் கமராக்களையும் செய்தனர். அது ஜெர்மன் லைக்காவின் நகல்தான். இரகசியப் பொலிசின் தலைவராயிருந்த டெர்ஜின்ஸ்கியின் பெயரெழுத்துக்களைத் தாங்கியதுதான். அவ்வரலாற்றின் கறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அநாதைச் சிறுவனும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கைக் கணித்து உலோகம் கடையக் கற்றுக்கொள்ள முடியும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது.

இனி மன்னாருக்கு வருவோம். நீரைத் தடுத்து நிறுத்தும் கலை நம் கரைக்குப் புதிதன்று. வள்ளத்தின் பலகை இடைவெளிகளில் பஞ்சை அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசும் கலப்பத்து வேலை தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால் முத்துக்குளித்த மனிதனுக்கு எந்தப் பெட்டியும் செய்யப்படவில்லை. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் வந்து கூடிய சுழியோடிகள், காலில் ஒரு கல்லும், இடையில் ஒரு கயிறும், கையில் ஒரு கூடையுமாக ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கினர். மூக்கைக் கையால் பொத்தினர். அல்லது கொம்புக் கவ்வியை மாட்டினர். ஏறத்தாழ ஒரு நிமிடமே கடலடி வாழ்வு. 20 மீற்றர் ஆழத்தில் நுரையீரற் காற்று மூன்றிலொன்றாகச் சுருங்கிவிடும். மேலே வந்த பின் அவருக்குக் கிடைத்த பங்கும் மூன்றிலொன்றே. மற்ற இரு பங்கும் ஆங்கில அரசுக்கு.

1906இல் முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்பட்டன. 1907க்குப் பின் அக்குத்தகையில் குளிப்பே நடக்கவில்லை, பார்கள் வெறுமையாயின. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு, ஊர்ப் பெயருக்கேற்பக் கடலரிப்பில் கரைந்துகொண்டிருக்கின்றது.

கமராவை இறக்குமுன் வெறும் பெட்டியை இறக்கிச் சோதித்தார்கள் என்றேன். மனிதனை இறக்குமுன் எதைச் சோதித்தார்கள்? கமரா விலையுயர்ந்தது, மூச்சு மலிவானது. இன்றும் கடலட்டைக்கும் சங்குக்கும் காற்றுருளை தாங்கி மூழ்கும் சுழியோடி, போதிய பயிற்சியின்றி விரைந்து மேலெழுந்தால், குருதியில் கரைந்த நைதரசன் குமிழாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்குகின்றது. கருவி வந்துவிட்டது, அதற்குரிய அறிவையும் பாதுகாப்பையும் அவன் கையில் சேர்ப்பார் இல்லை.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடபுலத்து மாணவர்கள் ஜாம் போத்தலில் திரியிட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் படித்தார்கள். அவ்விளக்கை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். அப்பெருமை நியாயமானது. ஆனால் அவ்விளக்கைக் காட்டி, "பாருங்கள், தடையிருந்தும் பிள்ளைகள் சித்தியெய்தினார்களே" என்று ஒருவர் சொல்வாரானால், அவர் பிள்ளைகளையா புகழ்கின்றார், தடையையா?

"கைத்திறனைப் புகழாவிட்டால் உழைக்கும் மக்களை வெறும் பரிதாபப் பொருள்களாக்கிவிடமாட்டோமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. அத்திறன் உண்மையான அறிவு. அதனை மறுப்பது இன்னொரு வகை இழிவு. ஆகவே புகழ்வோம், புகழும்போது மூன்று வினாக்களையும் உடன் கேட்போம். இந்த இல்லாமையை உண்டாக்கியது யார்? இதிலிருந்து பிறந்த அறிவு யாரைச் சேர்ந்தது? பிழைத்துப்போனால் நட்டம் யார் உடலில் விழும்? தன் விருப்பத்தால் பெட்டி செய்தவன், வரைபடத்தைப் பிறரோடு பகிர்ந்தான். பெட்டி கசிந்தால் அவன் இழப்பது ஒரு கமரா. பாரில் இறங்கியவனுக்குத் தெரிவு இல்லை. அவன் அறிவு அவன் மூச்சோடு போயிற்று. கயிறு பிசகினால் அவன் இழப்பது உயிர். இரண்டையும் "கைத்திறன்" என்னும் ஒரே சொல்லால் அழைப்பது நீதியாகாது.

ஆய்வுகூடமில்லாத பாடசாலையில் வெற்றுப் போத்தலையும் ரப்பர்க் குழாயையும் கொண்டு அழுத்த விதியைக் கற்பிக்கும் ஆசிரியரைப் பாராட்டுவோர் பலர். பாராட்டை ஏற்றுக்கொள்வோம். அந்தப் போத்தலைப் பிள்ளைகளோடு சேர்ந்தே செய்வோம். செய்யும் முறையை அடுத்த பாடசாலைக்கும் எழுதி அனுப்புவோம். அதே கையால் ஆய்வுகூடம் கேட்டு விண்ணப்பமும் எழுதுவோம். மறுக்கப்பட்டால் மீண்டும் எழுதுவோம். புல்லை ஆயுதமாக்கத் தெரிந்தவனுக்கு, ஆயுதத்தைக் கேட்கும் உரிமை மற்றெவரையும் விடக் கூடுதலாக உண்டு.