முத்துவேலின் வட்டிக்கணக்கு



நம் கோவையில் ஆட்டோ ஓட்டியவர் மு. சந்திரகுமார். 1983இல் பிழைப்புக்காகக் குண்டூர் போனபோது, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் போலீஸ் அவரை அடைத்துவைத்து அடித்தது. அந்த நாட்களை அவர் 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். அதை அடிப்படையாக வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போனது. மறு வருஷம் நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்தது.

படம் பார்த்தவர்கள், பிழைக்கப் போன தமிழ்ப் பையன்கள் ஆந்திரப் போலீசிடம் வாங்கும் முதல் பாதியின் அடி உதையைத்தான் அதிகம் பேசுகிறார்கள். லத்தி பிடித்த அந்த ஆந்திர அதிகாரிக்கு உறுத்தலே கிடையாது; அவரைப் பற்றி யோசிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. உறுத்தல் உள்ளவர், சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டர் முத்துவேல். அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

முத்துவேல் நல்லவர். மொழி தெரியாமல் கோர்ட்டில் நிற்கும் அந்தத் தமிழ்ப் பையன்களுக்காகப் பேசி, அவர்களை விடுவிக்கிறார். அதே கையோடு ஓர் உதவியும் கேட்கிறார்: சரணடைய வந்த ஒரு ஆடிட்டரைத் தூக்கிப் போக வேண்டும். மேலிடத்து உத்தரவு. காப்பாற்றியவர் கேட்டால் யார் மறுப்பார்கள்? நன்றிக்காகவே அவருடைய ஸ்டேஷனைக் கூட்டிக் கழுவியும் கொடுக்கிறார்கள். அங்கேதான் கேட்கக் கூடாத பேச்சு காதில் விழுகிறது. விசாரணையில் ஆடிட்டர் செத்துப்போகிறார். தூக்கில் தொங்கியதாகக் கதை கட்டுகிறார்கள். முத்துவேலும் அதில் கூட நிற்கிறார்.

கோர்ட் வாசலிலேயே முத்துவேல் "முடியாதுங்க ஐயா" என்றிருந்தால் மேலதிகாரியின் கோபத்தோடு போயிருக்கும். பிணத்தைத் தொங்கவிடும்போது மறுத்திருந்தால் வேலை போயிருக்கும். மீட்டர் வட்டி மாதிரி ஒவ்வொரு தவணைக்கும் தொகை ஏறுகிறது. கடைசியில், அந்தப் பேச்சைக் கேட்டுவிட்ட பையன்களையே தீர்த்துக்கட்டச் சொல்லும் ராத்திரியில் அவருக்குக் கை வரவில்லை. அப்போது கேட்கப்படும் விலை அவருடைய உயிர்.

இவ்வளவு பெரிய சங்கடம் நமக்கு வராது என்று நினைக்கலாம். மில் ஆபீசிலோ பவுண்டரியிலோ கணக்கு எழுதுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். முன்தேதி போட்டு ஒரு ரசீது. "இந்த ஒருக்கா மட்டும் செஞ்சு குடுத்துருங்க." கேட்பவர் பெரும்பாலும் கெட்டவரில்லை, பிள்ளையின் காலேஜ் பீசுக்கு முன்பணம் தந்த முதலாளியாகவே இருப்பார். நன்றிக்கடன் பட்ட இடத்தில் மறுப்பு சொல்வது, எதிரியிடம் சொல்வதைவிடக் கஷ்டம். முத்துவேலிடம் அந்தப் பையன்கள் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். மேலதிகாரிகளிடம் முத்துவேல் மாட்டிக்கொண்டது மட்டும் பயத்தால்.

அவருடைய மனசாட்சி கடைசிவரை விழித்துத்தான் இருந்தது. படத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வதும் அதுதான். அவர் மறுத்தது நிஜம். ஆனால் அந்த நேரத்து மறுப்பால் ஸ்டேஷன் வரை அவருடன் வந்த பையன்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.